சாம்பலுக்கு அடியில்

சாம்பல் ஏரியை வெட்டப் போகிறார்கள் என்ற செய்தியைப் பாவாடைக்குக் கொண்டுவந்தவளே அவன் அண்ணி செங்கமலம்தான். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். அவள் முகத்தில் அப்படியொரு தெளிவைப் பார்த்து அவனுக்கு வெகுநாளாகியிருந்தது.

"தம்பி, எனக்கு வேலை கெடைச்சிட்டுது. தெக்கால பழைய சாம்பல் ஏரி இல்ல, அத்த வெட்டி லாரில ஏத்தறாங்களாம். ரோடு போடற கன்ட்ராக்டர் எடுத்திருக்கறாரு. கூடை தூக்கப் பொம்பளையாளு வேணுமாம். குஞ்சிதபாதம் மேஸ்திரி நாளைக்கே வரச் சொல்லிட்டாரு."

பாவாடையின் கையிலிருந்த செருப்பு நழுவிக் கீழே விழுந்தது.

"அந்த ஏரியா?"

"அதான், காஞ்சி கெடக்குதே, அதுதான்."

"வாணாம் அண்ணி."

"ஏன்?"

குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "தூசு. மூச்சு முட்டும்" என்றான்.

செங்கமலம் சிரித்துவிட்டாள். "நெய்வேலியில இருந்துகினு தூசுக்குப் பயந்தா ஆவுமா? போ தம்பி."

மின் நிலையத்தில் எரிந்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக அனுப்பி, நாலு பக்கமும் மண்கரை கட்டிய பெரும் பள்ளத்தில் விடுவார்கள். தண்ணீர் வடிந்து சாம்பல் தங்கும். ஊர் அதை ஏரி என்றே சொல்லிப் பழகிவிட்டது. மேல்பரப்பு காய்ந்து, வெடித்து, மாடுகூட நடந்து போகலாம் போலத் தெரியும். உள்ளே கூழ். சுற்றிலும் முள்கம்பி வேலி, மண்டையோடு வரைந்த பலகை எல்லாம் உண்டு. தெற்கு ஏரி நிரம்பி, குழாயை வேறு பக்கம் திருப்பி வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது அடிவரை இறுகிவிட்டது என்றார்கள்.

அந்த ஏரிக்குள், குழாயைத் தாங்கிய ஒரு சிமென்ட் கட்டை இன்னும் சாய்ந்து நின்றது. அதற்குக் கொஞ்சம் தள்ளி, சாம்பலுக்கு அடியில் செங்கமலத்தின் புருஷன் கலியன் இருந்தான். அது பாவாடைக்கு மட்டும்தான் தெரியும்.

ஊருக்குத் தெரிந்த கதை வேறு. பத்து வருஷத்துக்கு முன்னால், ஓர் ஐப்பசி மாதத்தில், கலியன் வடலூரில் பஸ் ஏறிப் போனான்; பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுப் போனவன் திரும்பவே இல்லை. பெங்களூரில் எவளோடோ இருக்கிறான் என்று சிலர் சொன்னார்கள். விழுப்புரம் டீக்கடையில் பார்த்தேன் என்று ஒருத்தர் சொல்ல, செங்கமலம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு விழுப்புரம் போய், ஒவ்வொரு டீக்கடையாக ஏறி இறங்கித் திரும்பி வந்தாள். "வடலூர்ல பஸ் ஏறுனாரு, நான் பாத்தேன்" என்று முதலில் சொன்னவன் பாவாடை. அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் ஊர் தானாகவே கட்டிக்கொண்டது.

நடந்தது இதுதான். அவர்களுடைய கிராமம் சுரங்கத்துக்குள் போய்விட்டது. காலங்காலமாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். டவுன்ஷிப் ஓரத்துக் காலனியில் குடிசை போட்டுக்கொண்டு அண்ணனும் தம்பியும் கன்ட்ராக்ட் வேலைக்குப் போனார்கள். பிறகு, ஊரை இழந்த குடும்பத்தில் ஒருத்தருக்குச் சுரங்கத்தில் பெர்மனன்ட் வேலை என்று பேச்சு வந்தது. கலியன் மூத்தவன், பிள்ளைக்காரன். அவனுக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பாவாடைக்கு அது பொறுக்கவில்லை. அன்று பொழுது சாயும் நேரத்தில், சாராயம் குடித்துவிட்டு அண்ணனோடு சண்டை போட்டான். "எல்லாத்தையும் நீயே வச்சிக்கோ, நான் எங்கயாவது போயி சாவறேன்" என்று கத்திக்கொண்டு வேலிக்குள் புகுந்து சாம்பல்மேல் நடந்தான். அவனை இழுத்துவரத்தான் கலியன் பின்னால் வந்தான். ஒல்லியான தம்பியைத் தாங்கிய பொருக்கு அண்ணனைத் தாங்கவில்லை.

இடுப்புவரை போனதும் கலியன் சிரிக்கக்கூடச் செய்தான். "டேய், துண்ட போடுடா" என்றான். பாவாடை குப்புறப் படுத்துத் துண்டை வீசினான். கலியன் அதை இரண்டு மணிக்கட்டிலும் சுற்றிக்கொண்டான். இழுக்க இழுக்க, பாவாடையின் நெஞ்சுக்கு அடியில் பொருக்கு வெடித்து, ஈரம் ஊறி வந்தது. "பாவாடை, வுட்டுடாதடா." அதற்குப் பிறகு அண்ணன் பேசவில்லை, பார்த்தான். பாவாடை துண்டை விட்டான்.

துண்டை விட்டதற்குக்கூட அவன் தனக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வான். இரண்டு பேரும் போயிருப்போம் என்பான். ஆனால் கரைக்கு அந்தப் பக்கம் பம்ப் ஹவுஸில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆட்கள் இருந்தார்கள். ஏணியும் கயிறும் இருந்தன. அவன் அங்கே ஓடவில்லை. எதிர்த்திசையில் முந்திரித் தோப்புக்குள் ஓடி, ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். போனால் தள்ளிவிட்டான் என்பார்கள் என்று பயந்தான். அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொரு நினைப்பும் இருந்தது. அதை அவன் பத்து வருஷமாக முழுதாகத் திரும்பிப் பார்த்ததில்லை. மறுவருஷம் அந்தப் பெர்மனன்ட் வேலை அவனுக்கு வந்தது.

அவனுக்குக் குவார்ட்டர்ஸும் கிடைத்தது. அண்ணியையும் குழந்தை அஞ்சலையையும் அங்கே வந்து இருக்கச் சொன்னான். செங்கமலம் வரவில்லை. "அவுரு திரும்பி வந்தா இந்த வூட்டத் தேடிகினுதான வருவாரு? பூட்டிக் கெடந்தா என்னா நெனைப்பாரு?" என்றாள். அவனுக்குப் பெண் பார்க்கவும் அவள் அலைந்தாள். "அண்ணன் வரட்டும், பாத்துக்கலாம்" என்று அவன் தட்டிக் கழித்தான். சொல்லும்போது அவன் குரல் நடுங்குவதைக் கேட்டு, தம்பிக்கு அண்ணன்மேல் எவ்வளவு பாசம் என்று அவள் கண் கலங்குவாள்.

ஏசுவிடம் முதலில் போனவள் அவள்தான். திருநெல்வேலிப் பக்கத்து ராஜாங்கம் என்ற மெக்கானிக், தன் குவார்ட்டர்ஸ் முன்னறையில் ஞாயிறுதோறும் ஜெபம் நடத்தி வந்தார். வீட்டு வேலைக்குப் போன இடத்தில் யாரோ சொல்லி அங்கே போனவள், அழுது தீர்த்துவிட்டு வந்தாள். அதன்பின் விடாமல் போனாள். கொழுந்தனையும் இழுத்தாள். அவனால் அவளிடம் எதற்கும் இல்லை என்று சொல்ல முடியாது. போய் உட்கார்ந்தான். பாவத்தை மன்னிக்கிற ஒருவர் இருக்கிறார் என்று அங்கே சொன்னதை, தாகம் எடுத்தவன் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்பதுபோலக் கேட்டான். அவன் விசுவாசம் பொய்யில்லை. ஷிப்ட் முடிந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் நெற்றியை வைத்து மன்னிப்புக் கேட்பான். ஆனால் எழுந்திருக்கும்போது, கேட்டது போய்ச் சேர்ந்த மாதிரி ஒருநாளும் இருந்ததில்லை.

ஒவ்வொரு வாரமும் செங்கமலம் எழுந்து நின்று சாட்சி சொல்வாள். "என்ன வுட்டுட்டுப் போன என் வூட்டுக்காரர நான் மனசார மன்னிச்சிட்டேன். ஆண்டவரு எனக்கு அந்த மனசக் குடுத்தாரு. எங்க இருந்தாலும் அவுரு நல்லா இருக்கணும், ஒருநாளு திரும்பி வரணும்." கூடியிருந்தவர்கள் ஆமென் சொல்வார்கள். பாவாடையும் சொல்வான்.

அந்தச் செங்கமலம்தான் இப்போது தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு சாம்பல் ஏரிக்குப் புறப்பட்டாள்.

பங்குனி வெயிலில் வேலை தொடங்கியது. பாவாடைக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளைக் குவார்ட்டர்ஸ் பக்கம் திருப்பாமல், தெற்குக் கரைக்கு ஓட்டினான். கரைமேல் நின்று பார்த்தான். ஆண்கள் மண்வெட்டியால் வெட்டிக் கொடுக்க, பெண்கள் வரிசையாகக் கூடையில் சுமந்து லாரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோர்மேலும் சாம்பல் படிந்திருந்தது. யார் எவரென்று தெரியவில்லை. அந்த வரிசையிலிருந்து ஓர் உருவம் அவனைப் பார்த்துக் கையை ஆட்டியது. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அண்ணிதான்.

வடக்கு மூலையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார்கள். சிமென்ட் கட்டைக்கு இன்னும் தூரம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் அது குறைந்துகொண்டே வந்தது. வெட்டிய இடம் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு சுவர்போல நின்றது. அந்தச் சுவர் கட்டையை நோக்கி நகர்ந்து வந்தது. பெல்ட் ஓடும் இரைச்சலில் நின்றாலும், சாப்பிட உட்கார்ந்தாலும், மண்வெட்டி சாம்பலில் இறங்கும் 'சதக்' என்ற ஓசை அவன் காதில் விழுந்துகொண்டிருந்தது. சோறு இறங்கவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் மஞ்சள் காமாலையோ என்று கேட்டார்கள்.

ஒருநாள் கரையில் கூட்டமாக இருந்தது. பாவாடை சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். குஞ்சிதபாதம் மேஸ்திரி கையில் குச்சியோடு நின்றிருந்தார். காலடியில் ஒரு நாய் கிடந்தது.

"எப்ப வுழுந்துதோ, பாருங்க" என்றார் மேஸ்திரி. "அஞ்சாறு வருஷமாவது இருக்கும். காஞ்சி போச்சே தவிர அழுவல. மயிருகூட உதிரல. சாம்பல் அப்பிடியே வச்சிருக்குது."

நாயின் வாய் திறந்திருந்தது. அதற்குள்ளும் சாம்பல். பாவாடை கரைக்கு அந்தப் பக்கம் போய் வாந்தி எடுத்தான். இதுநாள்வரை அவன் எலும்புகளைத்தான் நினைத்திருந்தான். எலும்புக்கு யார் பெயரும் கிடையாது. ஆனால் முகத்தோடு இருந்தால்? செங்கமலத்தின் கூடைக்குப் பக்கத்தில் அந்த முகம் வெளிப்பட்டால்?

அவள் ஓடி வந்து அவன் முதுகைத் தடவினாள். அவள் கை சாம்பலாக இருந்தது. "என்னாச்சி தம்பி? ஒரு நாயிக்குப் போயி இப்பிடியா? ஜெபம் பண்ணிக்கோ. பயம் போயிடும்."

அவன் ஜெபம் பண்ணினான். மழை வேண்டும் என்று பண்ணினான். சாம்பல் நனைந்து, ஏரி நிறைந்து, லாரி இறங்க முடியாமல் போக வேண்டும். கன்ட்ராக்டர் வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும். வெட்டு சிமென்ட் கட்டையை நெருங்கிய வாரத்தில், நடுப்பகலில் வானம் கறுத்தது. சித்திரையில் அப்படியொரு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. முந்திரிப் பூவெல்லாம் கொட்டிப் போயிற்று என்று காடாம்புலியூர்ப் பக்கத்து ஆட்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். பாவாடை சுரங்கத்து ஷெட்டுக்கு வெளியே வந்து நனைந்துகொண்டு நின்றான். இரண்டு கையையும் தூக்கி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

மழை விட்டு விட்டுப் பெய்தது. வேலை நின்றது. அவன் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு நனைந்துகொண்டேதான் வந்தார்கள். செங்கமலம் எழுந்து நின்றாள். பக்கத்தில் மகள் அஞ்சலை, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினொரு வயது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் யாரோ 'ஓடிப்போனவன் மவ' என்று சொன்னதிலிருந்து அவள் வகுப்புக்குப் போக மறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏசப்பா, இந்த மழைய நிறுத்தணும்" என்று செங்கமலம் வேண்டினாள். "வேலை நின்னு போச்சி. கூலிக்காரங்க எல்லாரும் பட்டினி." பிறகு குரல் தாழ்ந்தது. "அவுரு எங்க நனைஞ்சிகினு கெடக்கறாரோ தெரியல. எங்க இருந்தாலும் அவுருக்குத் தலைக்கு மேல ஒரு கூரையக் குடு சாமி. ஈரம் அவுருக்கு ஒத்துக்காது. சளி புடிச்சிக்கும்."

எல்லோரும் ஆமென் என்றார்கள். பாவாடைக்கு வாய் வரவில்லை. எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களின் கால்களைத் தாண்டி, வெளியே போய்விட்டான்.

ராஜாங்கம் வாசல்கேட் வரை வந்தார். "என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?"

"ஐயா, நானும் மழைக்காவத்தான் ஜெபம் பண்ணுனேன்."

"அதுக்கென்ன?"

"வரணும்னு பண்ணுனேன். வந்துச்சி. கையத் தூக்கி ஸ்தோத்திரம் சொன்னேன்."

ராஜாங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி, உள்ள வாங்க, நனையாதீங்க" என்றார்.

அவன் உள்ளே போகவில்லை. மழையிலேயே நடந்தான். நடக்க நடக்கத் தான் எதற்காக நன்றி சொன்னோம் என்பது அவனுக்குத் தெரிந்தது. அண்ணன் இன்னும் கொஞ்ச நாள் சாம்பலுக்குள்ளேயே கிடக்கட்டும் என்பதற்காக. அன்றைக்குத் துண்டை விட்டவன், இத்தனை வருஷம் கழித்து, சாமியின் பெயரைச் சொல்லி இன்னொரு தடவை விட்டிருக்கிறான். இத்தனை நாளாக மன்னிப்புக் கேட்டதெல்லாம் என்ன? யாருக்கும் தெரியாமல் மன்னித்துவிடும் என்றுதானே கேட்டான்? அதில் பாதி மன்னிப்பு, பாதி மறைப்பு. கடவுள் அவனுக்கு எதையும் மறுக்கவில்லை. அவன் கேட்டதுதான் மன்னிப்பாக இல்லை. நடுரோட்டில் நின்றுவிட்டான். "ஆண்டவரே, மழைய நிறுத்திடு" என்றான். சொன்ன பிறகுதான், மழை நின்றால் வெட்டு அண்ணனைத் தொடும் என்று உணர்ந்தான்.

மழை நின்றது. மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. செவ்வாய்க்கிழமை காலையில் சுரங்கத்துச் சங்கு ஊதியபோது பாவாடை கேட் வரைக்கும் வந்துவிட்டான். ஆட்கள் திமுதிமுவென்று உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவன் சைக்கிளைத் திருப்பினான்.

சாம்பல் ஏரியில் வேலை மறுபடி தொடங்கியிருந்தது. ஈரம் குடித்த சாம்பல் கறுத்துக் கனத்துக் கிடந்தது. வெட்டுச் சுவர் சிமென்ட் கட்டையைத் தொட்டுவிட்டது. காலைச் சாப்பாட்டு நேரம், ஆட்கள் கரைமேல் வேலமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். செங்கமலம் மட்டும் கட்டையின் நிழலில், பள்ளத்துக்குள்ளேயே தூக்குவாளியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, அங்க உக்காராதீங்க. எழுந்து வாங்க."

"ஏன், பாம்பா?" அவள் சுற்றிலும் பார்த்தாள். "வேலைக்குப் போவல?"

அவன் சரிந்த சாம்பலில் இறங்கினான். கால் புதையப் புதைய நடந்தான். அவள் எதிரே வந்து மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"அண்ணன் பஸ் ஏறல."

அவள் கையில் சோற்று உருண்டை இருந்தது.

"வடலூர்ல நான் பாக்கல. பொய் சொன்னேன். அண்ணன் எங்கயும் போவல அண்ணி. இங்கதான் இருக்கறாரு. இதுக்குள்ள."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சண்டையைச் சொன்னான். வேலிக்குள் புகுந்ததைச் சொன்னான். துண்டைச் சொன்னான். பம்ப் ஹவுஸில் விளக்கு எரிந்ததைச் சொன்னான். அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, சொல்லிவிட்டான். வேலைமேல் இருந்த ஆசையையும் சொன்னான். சொல்லி முடித்தபோது, மரத்தடியில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

செங்கமலம் கையிலிருந்த சோற்றைத் தூக்குவாளிக்குள் வைத்தாள். மூடியை மூடினாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள்.

"கூப்ட்டாரா?"

"கூப்ட்டாரு."

"என்னான்னு?"

"வுட்டுடாதடான்னாரு."

அவள் உதடு கோணியது. "நான் அவர மன்னிச்சேனேடா" என்றாள், மெதுவாகத்தான். "வாரா வாரம் எழுந்து நின்னு, ஊரு கேக்க மன்னிச்சேனே. உன்னக் காப்பாத்த வந்து செத்த மனுசன, ஓடிப்போனவன்னு மன்னிச்சேனே. நீ பக்கத்துல உக்காந்துகினு ஆமென் சொன்னியே." குரல் உயர்ந்துகொண்டே போனது. கடைசிச் சொல் அலறலாக வந்தது. மரத்தடியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் அடித்தார்கள். காலனி ஆட்கள் சிலர் அங்கே வேலையில் இருந்தார்கள். கலியனோடு கூலிக்குப் போனவர்கள். மண்வெட்டிக் காம்பால் ஒருவன் பாவாடையின் தோளில் போட்டான். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. குஞ்சிதபாதம் மேஸ்திரிதான் குறுக்கே விழுந்து, போலீசுக்கு ஆள் அனுப்பினார். "எந்த எடம்?" என்று செங்கமலம் கேட்டாள். அவன் காட்டினான். அவள் அங்கே உட்கார்ந்து கையாலேயே தோண்ட ஆரம்பித்தாள். யார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம், போலீஸ் நிற்க, கலியன் வெளிப்பட்டான். நாயைப் போல முழுதாக இல்லை. தோல் எலும்போடு ஒட்டிக் காய்ந்திருந்தது. முகம் முகமாக இல்லை. ஆனால் இரண்டு கையும் தலைக்கு மேலே நீண்டிருந்தன. மணிக்கட்டில் துண்டு சுற்றியிருந்தது. இன்னொரு முனை வெறுமனே கிடந்தது. பாவாடையைக் கைவிலங்கோடு கூட்டிவந்து அடையாளம் காட்டச் சொன்னார்கள். "எங்க அண்ணன்தான்" என்றான்.

பங்காளிகள் விடுவதாக இல்லை. வேலைக்கு ஆசைப்பட்டுத் தள்ளிக் கொன்றான் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லிச் செங்கமலத்தை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். சப்-இன்ஸ்பெக்டரும் அதைத்தான் நினைத்திருந்தார். பாவாடை சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தூக்குக் கயிறுகூட வரலாம். அவள் சொல்லட்டும் என்றே அவன் நினைத்தான்.

"உன் புருஷனுக்கும் இவனுக்கும் பகை இருந்துச்சாம்மா?"

"சண்டை இருந்துச்சிங்க. அன்னிக்கிப் போட்டானாம். அவனே சொன்னான்."

"தள்ளி விட்டிருப்பான்னு நினைக்கிறியா?"

அவள் பாவாடையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். பங்காளி ஒருத்தன், "சொல்லு செங்கமலம்" என்றான்.

"தள்ளியிருந்தா, தள்ளுனேன்னு சொல்லியிருப்பான் சார்" என்றாள். "வெளக்கு எரிஞ்சிது, நான் போவலன்னு சொன்னவன், இத்த மட்டும் ஏன் மறைக்கப் போறான்? அவன் சொன்னதுக்கு மேல நான் ஒன்னும் சேத்துச் சொல்ல மாட்டேன். எனக்கு ஆண்டவரு இருக்கறாரு."

பங்காளிகள் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். அன்று முதல் அவர்களில் யாரும் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ராஜாங்கமும் ஜெபக்கூட்டத்து ஆட்களும்தான் வந்து கலியனைக் காலனிச் சுடுகாட்டில் புதைத்தார்கள். அவன் ஏசுவை அறிந்தவன் இல்லை; ஆனாலும் ராஜாங்கம் குழிமேட்டில் நின்று ஜெபித்தார். அஞ்சலைதான் முதல் பிடி மண் போட்டாள். மறுவாரம் அவள் பள்ளிக்கூடம் போனாள். யார் கேட்டாலும், "எங்க அப்பா ஓடிப்போவல, செத்துட்டாரு" என்று நிமிர்ந்து சொன்னாளாம்.

விசாரணை முடியும்வரை பாவாடையைக் கடலூர் ஜெயிலில் வைத்தார்கள். வேலை என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியவில்லை, யாரையும் கேட்கவுமில்லை. அங்கேயும் அந்தக் குரல் வந்தது. அசந்திருக்கும் நேரத்தில், தண்ணீர் மொண்டு குளிக்கும்போது, 'வுட்டுடாதடா' என்று பின்னால் கேட்கும். முன்பெல்லாம் அதைக் கேட்டதும் எங்காவது ஓடி ஒளியத் தோன்றும். இப்போது நின்று கேட்டான். அது அண்ணனின் குரல்தான். தன்னை இழுத்துப் போக வந்த பேய் இல்லை. கேட்டுவிட்டு அழுதான். அழுத பிறகு தூக்கம் வந்தது.

ஆடி மாதத்தில் ஒருநாள், பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். ராஜாங்கமாக இருக்கும் என்று போனான். கம்பிக்கு அந்தப் பக்கம் செங்கமலம் நின்றிருந்தாள். நெற்றியில் பொட்டில்லை. பத்து வருஷமாக எடுக்காத தாலி கழுத்தில் இல்லை. குறிஞ்சிப்பாடியில் பஸ் மாறி வந்திருக்கிறாள், புடவையெல்லாம் கசங்கியிருந்தது.

கையிலிருந்த பையை மாற்றி மாற்றிப் பிடித்தாள். காவலர் ஒருத்தர், நேரமாகிறது என்றார்.

"நான் உன்ன மன்னிக்கல" என்றாள் அவள்.

"தெரியும் அண்ணி."

"மன்னிச்சிட்டேன்னு எழுந்து நின்னு சொல்லலாம். சொல்லிச் சொல்லிப் பழக்கம்தான். ஆனா இப்ப எனக்கு வாயில பொய் வரல. உன் மூஞ்சப் பாத்தா அவுரு கையிதான் தெரியுது." கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மனசக் குடுன்னு ஆண்டவர்கிட்ட கேட்டுகினு இருக்கறேன். குடுப்பாரு. எப்பன்னு தெரியல. அத்த உங்கிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்."

"நீங்க அதுக்குக்கூட வர வேண்டியதில்லைங்க அண்ணி" என்றான். "எனக்கு ஆண்டவரு மன்னிப்பக் குடுத்துட்டாரு. சொன்ன அன்னிக்கே குடுத்துட்டாரு. உங்ககிட்ட கேக்கறதுக்கு எனக்கு வாயில்ல."

அவள் தலையை ஆட்டினாள். கொண்டுவந்த பையைக் காவலரிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிப் புறப்பட்டாள். அவன் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே கடல்காற்று எழும்பி, ஜெயில் மதிலோரத்துப் புளியமரங்களை உலுக்கிக்கொண்டிருந்தது. அடைக்கிற மணி அடிப்பதற்கு இன்னும் நேரம் இருந்தது. பாவாடை சுவரோரமாக முழங்காலிட்டான். இத்தனை வருஷ ஜெபத்தில் ஒருநாளும் அவன் நாக்கில் அண்ணனின் பெயர் வந்ததில்லை. 'அந்தப் பாவம்' என்றுதான் சொல்லியிருந்தான். இன்றைக்கு, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படியாக, "எங்க அண்ணன் கலியன்" என்று தொடங்கினான்.